எக்ஸ்ரேக்குக் கணக்குப் போட்டவனுக்கு

மாப்ளே,

இன்று மருத்துவமனையில் புதிதாக வந்திருக்கும் கணினி, ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் நோயுள்ள இடத்தைத் தானாகவே சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியது. இளம் டாக்டர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே எண்பதுகளில் போடியில், என் கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து நீ செய்துகொண்டிருந்தாய்!

கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு நேரே என்னிடம் வருவாய். படத்தின் மேல் கட்டம் போட்ட கண்ணாடித் தாளை விரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வெண்மைக்கும் ஓர் எண் கொடுப்பாய். வலது நுரையீரலுக்கும் இடதுக்கும் எண்கள் பெரிதாக வேறுபட்டால் நோய் என்பது உன் சூத்திரம். அந்த எண்களை பஸ்சில் மதுரைக்குக் கொண்டுபோய், தெரிந்தவர்களைக் கெஞ்சி, கணிப்பொறியில் ஓட்டி வருவாய். பைத்தியக்காரன் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன், ஆனால் பெருமையாகச் சொன்னேன்.

போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்த அந்தப் பெண் நினைவிருக்கிறாளா? இருமலோடு ஜீப்பில் இறங்கி வந்தாள், இடுப்பில் பால்குடிக் குழந்தை. படத்தில் இடது நுரையீரலின் உச்சியில் வெள்ளைத் திட்டு. காசநோய் என்றேன். மறுநாள் நீ மதுரையில் ஓட்டிக் கொண்டுவந்த கணக்கும் அதையே சொன்னது. குழந்தையைப் பிரித்து அவளைக் காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான். உன் சூத்திரம் பலித்துவிட்டதே என்று நான் குதித்தேன். உன் முகம் மட்டும் மலரவில்லை.

அந்தத் திட்டு நுரையீரலோடு நிற்காமல் கழுத்துவரை ஏறுகிறதே என்று காட்டினாய். நுரையீரல் நோய் கழுத்துக்கு எப்படிப் போகும்? முடிவு கேட்க வந்து வெளியே காத்திருந்த அவளிடமே போய்க் கேட்டாய்.

“ஆத்தா, படம் எடுக்கையில சடை எங்க கெடந்துச்சு?”

“மலையில மழைய்யா. ஈரச்சடை முதுக நனைக்குதுன்னு முன்னால எடுத்துப் போட்டிருந்தேன்.”

கொண்டை போடச் சொல்லி மறுபடி படம் எடுத்தோம். திட்டைக் காணோம். வெறும் சளிதான். குழந்தையை அணைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“கணக்கு தப்பில்ல மாப்ளே. சடைக்கும் நோய்க்கும் அதுக்கு வித்தியாசம் தெரியல, அம்புட்டுத்தான்,” என்றாய்.

அந்த வாரமே சூத்திரத்தைத் திருத்தினாய். நோய் உண்டு, நோய் இல்லை என்ற இரண்டு விடைகளோடு, வெண்மை நுரையீரலின் எல்லையைத் தாண்டினால் ‘ஆளைப் பார்’ என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தாய்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் தாள்களை யாரும் கேட்டு வரவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆத்திரம் உண்டு. ஆனாலும் எந்தப் படமானாலும், கையெழுத்துப் போடுமுன் நாற்காலியை விட்டு எழுந்துபோய் நோயாளியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். அந்த மூன்றாவது விடையை நீ கணிப்பொறிக்காக எழுதவில்லை, எனக்காகத்தான் எழுதினாய்டா.