இடி விழுந்த வேங்கை

மார்ச் 29, சனி
தீத்தடுப்புக் கோடு வெட்டி முடித்தாயிற்று. ஆற்றுக்கு மேலே சரிவு முழுக்கப் புல் இப்போதே சருகாகிவிட்டது. நான் வனக்காப்பாளராகி இது இரண்டாவது கோடை. தீக்காவலுக்கு மணிராஜ் அண்ணாச்சி, சந்தனமாரி அக்கா.

ஏப்ரல் 1, செவ்வாய்
மதியம் மேட்டு வேங்கை மரத்தில் இடி. நாலு தூறல், பாறைச் சூட்டில் அதுவும் காய்ந்துவிட்டது.

கோடையின் முதல் இடி விழுந்தால் பொங்கல் வைத்துவிட்டுத் தீக்காவலர்கள் மலையிறங்குவது இங்கே வழக்கம். அப்போதெல்லாம் இடிக்குப் பின்னாலேயே மழை கொட்டியது, சரி. இப்போது வெயில் கூடக்கூடக் காடு முன்னதாகவே காய்கிறது. மின்னல் வருகிறது, மழையைக் காணோம்.

“எறங்குதோம், ஃபெபியம்மா. இனி மழ பாத்துக்கிடும்” என்றார் அண்ணாச்சி, பொங்கல் பானையைக் கழுவிக்கொண்டே.

“மழை எங்க அண்ணாச்சி?”

“வரும்லா!”

வரட்டும், அப்புறம் இறங்கலாம் என்றேன். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்
ரேஞ்சரிடம் போனில் மன்றாடித் தீக்காவலை நீட்டிக்க ஒரு வாரம் வாங்கினேன். “ஒண்ணும் நடக்கலன்னா கூலிச் செலவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார். சொல்கிறேன்!

அம்மாவும் கூப்பிட்டாள். குருத்தோலை ஞாயிறுக்காவது பாளையங்கோட்டைக்கு வருவியா என்று. தெரியவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி
புகை இல்லை. வீம்புக்கு நிற்கிறேனோ?

நாளை திசையன்விளையில் அண்ணாச்சியின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. “தாய்மாமன் மடி இல்லாம எப்டிம்மா?” போய்விட்டு நாளைக்கே திரும்புங்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 5, சனி
கை முழுக்கக் கரி, கழுவியும் போகவில்லை.

காலையில் வெள்ளை வேட்டி கட்டி இறங்கிப் போன அண்ணாச்சிதான் வளைவில் புகையைப் பார்த்திருக்கிறார். “ஏம்மா, வேங்க பத்திட்டு!” என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடிவந்தார். இத்தனை நாளும் மரப்பொந்துக்குள்ளேயே கனன்றிருக்கிறது. காற்று அடித்ததும் கங்கு புல்லில் விழுந்துவிட்டது. மூன்று பேரும் பச்சைக் கொப்பால் அடித்தோம், அடித்தோம் — மதியம் தாண்டியது. ஒரு சரிவு போய்விட்டது. மேலே சோலைக்காட்டுக்குள் தீயை விடவில்லை. விடவே இல்லை!

அண்ணாச்சி கரி பிடித்த வேட்டியோடு பாறையில் உட்கார்ந்தார். “முகூர்த்தம் போச்சே” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 7, திங்கள்
காதுகுத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம், மாமனுக்காக. ரேஞ்சரும் மழை வரும்வரை காவலை நீட்டிவிட்டார்.

ஏப்ரல் 16, புதன்
இன்று காதுகுத்து. அண்ணாச்சி நேற்றே போய்விட்டார், இரண்டு நாள் லீவு. மதியம் மறுபடி இடி, பொட்டுத் தூறல் இல்லை. எங்கே விழுந்தது என்று பார்க்க மேலே போக நானும் அக்காவும் பையைக் கட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் அண்ணாச்சி. நெற்றியில் சந்தனம், கையில் விருந்துச் சோற்றுப் பொட்டலம்.

“பஸ்ல வாறப்பவே இடியக் கேட்டேன். கெளம்புங்க, ஏறுவோம்.”