கல் வராத இடம்

அக்கா, இன்று காலை வட்டவளைப் பாதையில் பாறையைத் துளைக்கத் தொடங்கினார்கள். ஈரக் கல்மாவின் வாசனை நம் தோட்டத்து லய வீடுகள் வரைக்கும் வந்தது. அடுப்பில் ரொட்டி கருகுவதுகூடத் தெரியாமல் வாசலில் நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது.

நாம் இருவரும் கல் சுமந்தது ஐம்பதுகளின் கடைசியில். மலைக்குள் தண்ணீர்ச் சுரங்கம் வெட்டுவதற்கு முன் ஆழத்துக்குத் துளைத்துப் பார்த்தார்கள். உருளை உருளையாக வெளியே வந்த கல்லை நீளமான பெட்டிகளில் வரிசையாக அடுக்குவார்கள். அவற்றைத் துளைக்கும் மேட்டிலிருந்து, கல்லைப் பற்றிப் படித்த ஐயாவின் கொட்டகைக்குச் சுமப்பது நம் இருவருக்கும் வேலை. பெட்டியை இறக்கியதும் நான் வெற்றிலை போடப் போய்விடுவேன். நீங்கள் நின்று ஐயாவைக் கேள்வி கேட்டே களைக்க வைப்பீர்கள்.

திரும்பி ஏறும்போது அதையெல்லாம் எனக்குச் சொல்வீர்கள். இந்த இடம் கணக்கில்லாத காலத்துக்கு முன் கடலுக்கடியில் ஒரு பள்ளமாம். மணலும் சேறும் அதில் அடுக்கடுக்காகப் படிந்ததாம். பூமி இரண்டு பக்கமும் இழுத்ததில் பள்ளத்தின் தரை வெடித்து ஒரு பக்கம் கீழே இறங்கியதாம். பிறகு எல்லாம் அமுங்கி, வெந்து, பாறையாகி மேலே வந்தும் அந்தப் பிளவு போகவில்லையாம். நெருக்கம் வந்தபோதெல்லாம் அங்கேயே நகர்ந்து கல்லை அரைத்து மாவாக்கிவிட்டதாம்.

"மலைக்கும் பழைய காயம் இருக்கு புள்ள" என்பீர்கள்.

"எனக்குந்தான் முட்டியில இருக்குங்க" என்பேன்.

ஒரு மழை நாளில் நான் சறுக்கி விழுந்து பெட்டி கவிழ்ந்தது. கற்களை நிறம் பார்த்து, நுனி பார்த்து, இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினேன். நடுநடுவே இருந்த மூன்று மரக்கட்டைகள் மிஞ்சின. அடுப்புக்கு ஆகும் என்று மடியில் கட்டிக்கொண்டேன். பின்னால் வந்த நீங்கள் பெட்டியைப் பார்த்ததும் நின்றீர்கள்.

"கட்ட எங்க?"

"சும்மா எடத்த அடைக்க வச்சதுதானேங்க. இப்பப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

"கல்லு வராத எடத்துக்குத்தான் கட்ட வைக்கிறாங்க. அங்கதான் பாற மாவாக் கெடக்கு. உன் தம்பி அதுக்குக் கீழதான் நிக்கப் போறான்."

தம்பி சுரங்க வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தான். அப்படியும் நான், "சொன்னா என் வேல போயிரும்ங்க அக்கா" என்று அழுதேன். நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். "நான்தாங்க கொட்டிட்டேன்" என்று ஐயாவிடம் சொன்னீர்கள். மறுநாளே உங்களை நிறுத்திவிட்டார்கள். நீங்கள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், போய் நின்று பழையபடி தேயிலைக் கொழுந்து பறித்தீர்கள். நான் தொடர்ந்து பெட்டி சுமந்தேன்.

கட்டை இருந்த ஆழம் தெரியாமல் போனதால் பக்கத்தில் மறுபடி துளைத்தார்கள். அங்கேயும் நடுவே கல் வரவில்லை. அதனால் சுரங்கம் அந்த இடத்தை நெருங்கியதும் இரும்பு வளைவுகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். தண்ணீரும் சேறும் கொட்டியும் முட்டு தாங்கியது. தம்பி தலை முதல் கால் வரை சேறாக வந்து சோறு கேட்டான். அன்றாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

லயத்தில் உங்களுக்குக் 'கல்லுகொட்டி' என்று பெயர் விழுந்தது. மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். நீங்கள் ஒரு தடவைகூட என்னை வேறு மாதிரிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் தம்பி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "கொட்டினாலும் மறைக்காம சொன்னாங்க. அதனாலதான் நான் இருக்கேன்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நானும் தலையாட்டினேன், அக்கா.