பழைய மெமரியும் உன் பையும்

அண்ணா,

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று பதறாதே. பழைய மெமரியைக் கழற்றி எடுத்துப் போகிறேன். நீ வாங்கிய புது மெமரி டிடிஆர் நான்கு என்ற வகை. நம் பழைய போர்டுக்கு மூன்றுதான் பொருந்தும். அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. பொருந்தாத அதை நீ கட்டைவிரலால் அழுத்தித் திணித்ததால்தான் நேற்று கத்தினேன். "வேலை போனவன்னா உனக்குக்கூட இளக்காரம், நான் எங்கயாவது போயிடுறேன்" என்றாய். இளக்காரம் இல்லை, போர்டு உடைந்துவிடுமோ என்ற பயம்.

கடையில் பழையதைக் காட்டி, நீ வாங்கியதை அதே வகையாக மாற்றி வாங்கி வருகிறேன். சாயங்காலம் உன் ஆன்லைன் நேர்காணலுக்கு முன் வந்துவிடுவேன். சாப்பாடு மூடியிருக்கிறது.

பி.கு.: கட்டிலடியில் உன் பையைப் பார்த்தேன். சட்டைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டேன். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில், கோபித்துப் போனவர்கள் கடைசி அத்தியாயத்தில்தான் திரும்புகிறார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வீட்டிலேயே இருந்து கோபித்துக்கொள்.