தரையில் கிடந்த மறுதலைப்பு

ஹாலந்து,
11-6-1984

அன்புள்ள அப்பாவுக்கு,

பாவாயியின் வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? மோகனூர் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனீர்களா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

தம்பி கல்யாணத்தன்றுதான் இங்கே தங்கியிருக்கும் பல நாட்டு ஓவியர்களும் அவரவர் அறையைத் திறந்துவைத்து ஊராருக்குக் காட்டினோம். அன்றைக்கு நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். காலையிலிருந்தே எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. பெட்டியிலிருந்த அரக்குச் சேலையைக் கொசுவி, கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு அக்கா இணைச்சீருக்கு நிற்பதுபோல ஒரு தலைப்பைத் தோளில் போட்டு நின்றேன். மறுதலைப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளத் தம்பி பக்கத்தில் இல்லாததால் அது தரையில் கிடந்தது. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். அதுவும் ஒரு படைப்பு என்று நினைத்து மிதிக்காமல் சுற்றி நின்றார்கள். ஒரு குழந்தை மட்டும் அதை எடுக்கக் குனிந்தது. தொடக்கூடாது என்று அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மெட்ராஸிலிருந்து யாராவது வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். கல்யாணப் போட்டோ இப்போது வேண்டாம்.

"உன் தம்பிக்கு நீ நிக்காம வேற ஆரு சாமி நிப்பா?" என்று நான் கிளம்பும்போது கேட்டீர்கள். அப்படி இணைச்சீரில் நிற்கும் உரிமைக்காகத்தானே எனக்கு எழுதிங்கள் சீரும் செய்து வைத்தீர்கள்.

அப்பா, லீவு தரவில்லை என்று நான் எழுதியது பொய். நான் கேட்கவே இல்லை. அன்று என் படங்களைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வருவார்கள் என்று இருந்துவிட்டேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். தம்பியிடம் மட்டும், அக்கா கேட்டும் விடவில்லை என்றே சொல்லுங்கள்.

பாவாயி