கழுத்துக்கு ஒரு காகம்

கண்டிப்பையும் பகிடியையும் ஒரே வாயில் வைத்திருந்த என் மாமிக்கு,

உங்கட அறையை மாற்றிவிட்டோம். அதை முதலில் சொல்லிவிட வேணும். கட்டிலை எடுத்தாயிற்று. சன்னலோரம் நீளமாக ஒரு மேசை போட்டிருக்கிறேன். மெருகு பூசிய வவ்வால் தோடுகள் காலையில் இருந்து அதில் காய்ந்துகொண்டு கிடக்கின்றன. ஒக்டோபர் மாதம், பேய் வேசம் போடுகிற ஹலோவீன் வருகிறது, எனக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம். கட்டிலைக் கழற்றியது உங்கட மகன் ரமணன்தான். "ஆளில்லாத அறையை அம்மா சும்மா பூட்டி வைப்பாவோ? நீ எடு" என்றார். நீங்களும் அதைத்தானே சொல்லியிருப்பீங்கள்?

இன்னொரு செய்தி. டோர்வல் விமான நிலையத்தில், நான் முந்தி வேலை செய்த, விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில், முழுநேர வேலை தருகிறோம் என்று என்னைக் கேட்டார்கள். இனி வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை, மாமி. ரமணன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறார், நான் வீட்டில் மண்டையோடு செய்கிறேன். இதுதான் இப்போது எங்கட குடும்பம்.

எல்லாம் தொடங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பெருந்தொற்றில் விமானங்கள் ஓடாமல் நின்ற காலம். என்னையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் பொலிமர் களி ஒரு பெட்டி வாங்கினேன். பெயர்தான் களி, மண் இல்லை. பிசைந்து உருட்டி, வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய சூட்டில் சுட்டு எடுத்தால் இறுகிப்போகும். மற்றப் பெண்கள் அதில் பூவும் பழமும் செய்வார்கள். எனக்குக் கறுப்புத்தான் வந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில் மெட்ரோவில் கறுப்பு உதடும் வெள்ளிச் சிலுவையுமாக ஒரு பெட்டை என் முன்னால் இருந்தாள். இறங்குகிற இடத்தையும் விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய தேவாலயங்களின் கூரான வளைவுகளையும் அப்படித்தான் பார்ப்பேன். கல்யாணத்துக்கு வாங்கிய உடுப்பில் ஒரு கறுப்புத் துணி இருக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். அந்த ஆசை எத்தனை வருசமாய் உள்ளே கிடந்ததோ.

நீங்கள் பால் சூடாக்கக் குசினிக்கு வந்தீங்கள். களி சுட்டுக்கொண்டிருந்த மின் அடுப்பின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தீங்கள். தட்டு நிறையச் சின்னச் சின்ன மண்டையோடுகள்.

"என்ன பிள்ளை, சுடலையைக் கொண்டுவந்து அடுப்புக்குள்ள வைச்சிருக்கிறாய்?"

"நகை, மாமி. தோடு."

"ஆர் போடுறது? பேயோ?"

அன்றைக்கு நான் அழுதிருக்க வேணும். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் கண்டேன். சோறு கறி சமைக்கிற வீட்டு அடுப்பில் இது வேண்டாம் என்று மட்டும் சொன்னீங்கள். அது நியாயம். சின்ன மின் அடுப்பு ஒன்று வாங்கிக் கராஜில் வைத்தேன். அடுத்த கிழமையே நீங்களும் அங்கே ஒரு கதிரையைப் போட்டுவிட்டீங்கள். "இஞ்ச குளிர், உள்ளுக்குப் போங்கோ" என்றால், "தனிய இருந்து நான் என்ன செய்யிறது, அந்தக் களியை இஞ்சால தா" என்பீங்கள். உங்கட விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. எதையாவது பிசைந்துகொண்டிருங்கோ என்று டொக்டரும் சொல்லியிருந்தார். பிட்டுக்கு மாக் குழைத்த கை, கறுப்புக் களியைக் குழைக்கத் தொடங்கியது. சீரியல் பார்த்துக்கொண்டே பிசைவீங்கள். கதையில் யாராவது கெட்டது செய்தால் களி நன்றாக இளகும்.

பிறகு அந்த மத்தியானம். வெளியே மழை. நான் ஒரு கழுத்துப் பட்டிக்கு ரோசாப்பூ செய்துகொண்டிருந்தேன். நீங்கள் அதில் ஒரு இதழைத் தொட்டுப் பார்த்தீங்கள்.

"எனக்கும் ஒண்டு செய்யேன்."

"என்ன மாமி, தோடோ?"

"கழுத்துக்கு."

நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீங்கள் என்று தெரியும். மாமா சண்டைக் காலத்தில் செல்லடியில் போனபோது உங்களுக்கு முப்பது வயதும் ஆகவில்லை. அன்று தாலி கழற்றிய கழுத்துக்கு அதன் பிறகு ஒரு நூல்கூட ஏறவில்லை. உங்களைக் கனடாவுக்கு எடுப்பிக்க எடுத்த படத்திலும் வெறும் கழுத்து, எங்கட கல்யாணப் படத்திலும் வெறும் கழுத்து. யாரும் அதைப் பற்றி உங்களிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"தங்கம் போட்டால் சனம் கதைக்கும்" என்றீங்கள். "கறுப்புக்கு ஆர் என்ன சொல்லுறது?"

அப்போதுதான் நான் எங்கேயோ வாசித்ததைச் சொன்னேன். ஐரோப்பாவில் முந்தி புருசன் செத்த பெண்கள் கறுப்பு நகை போடுவார்களாம். கறுப்புக் கல்லில் மாலை, கறுப்பில் பதக்கம். செத்தவர்களை நினைத்துப் போடுவதற்கென்றே செய்த நகை.

நீங்கள் பிசைவதை நிறுத்தினீங்கள்.

"அப்ப அவையளுக்குக் கழுத்து மொட்டையா இருக்கேல்லையோ?"

"இல்லை, மாமி."

"ம்ம்."

அவ்வளவுதான். அந்த ஒரு "ம்ம்"இல் எத்தனை வருசம் இருந்தது என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

என்ன வடிவம் வேணும் என்று கேட்டேன். மண்டையோடு வேண்டாம், அது எல்லாருக்கும் ஒருநாள் கிடைக்கும் என்றீங்கள். ரோசா உங்களுக்கு ஒட்டாது. கடைசியில் "காகம் செய்" என்றீங்கள். நான் துள்ளிவிட்டேன். மண்டையோடு, வவ்வால் வகை நகையில் காகம் ராசா மாதிரி, எல்லாரும் விரும்பிக் கேட்பது. ஆனால் உங்களுக்கு அந்தக் காகம் வேண்டாம். விரதத்துக்குச் சோறு வைத்தால் வருகிற எங்கட காகம் வேணும், கழுத்தில் சாம்பல் நிறம் உள்ளது. "இஞ்சத்தையக் காகம் முழுக்கக் கறுப்பு. அதுக்கு உன்ர மாமாவைத் தெரியாது" என்றீங்கள்.

கறுப்புக்குள் வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அந்தச் சாம்பலைப் பிடித்தேன். காகம் இருக்க, தேவாலயச் சன்னல் மாதிரி கூரான ஒரு வளைவு. இறகை ஊசி முனையால் கீறினேன். சுட்டு எடுத்த பிறகு சொண்டு உடைந்தது. நான் எறியப் போனேன், நீங்கள் விடவில்லை. புதுச் சொண்டு ஒட்டி இன்னொருதரம் சுட்டேன். வெள்ளித் தூளை வளைவின் ஓரத்தில் மட்டும் தொட்டேன். கறுப்பு வெல்வெட் நாடாவில் கோத்து, உங்கட பின்கழுத்தில் முடிச்சுப் போட்டபோது தோல் சிலிர்த்தது. உங்கட தோலோ என்ர விரலோ, தெரியவில்லை. கண்ணாடி கேட்பீங்கள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டீங்கள்.

வெள்ளிக்கிழமை அதோடேயே கோயிலுக்கு வெளிக்கிட்டீங்கள். எனக்குத்தான் பயம், உங்களுக்கு இல்லை. செருப்புக் கழற்றுகிற இடத்தில் உங்கட தங்கச்சி யோகம் நின்றா. சின்ன மாமி பார்வையாலேயே ஆளை அளக்கிற மனுசி.

"அக்கா, என்ன இது? சனீஸ்வரன்ர வாகனத்தைக் கழுத்தில கட்டிக்கொண்டு."

"சனீஸ்வரனும் சாமிதானே."

"அதுக்கில்லை. தாலி போன கழுத்தில..."

பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றாமல் நின்றார்கள். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

"தாலி போனது, யோகம். கழுத்து போகேல்லை."

சொல்லிவிட்டு, "பூ கொண்டுவந்தனியோ?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனீங்கள். நான் பின்னால் வந்தேன். அன்று கோயிலுக்குள் என்ன கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கட முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பனி கரைகிற காலத்தில் நீங்கள் போனீங்கள். ஆஸ்பத்திரியில் நாடாவைக் கழற்றச் சொன்ன தாதியிடம், அவவுக்கு விளங்காத தமிழில், "இது நான் செத்தாலும் கிடக்கட்டும்" என்று சொன்னீங்கள். ஆனாலும் அவவுக்கு விளங்கியது. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டா.

பிறகு நடந்தது நீங்கள் காணாதது. உங்களைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில், ஆட்கள் வருவதற்கு முதல், குளிப்பாட்டும்போது கழற்றிய அந்தக் காகம் ரமணனின் கையில் இருந்தது. சின்ன மாமி அழுது அழுது சொன்னா: "கடைசி நேரத்திலயாவது அக்காவை முறையா அனுப்புவம். அதைக் கட்டாதையுங்கோ." எனக்கு அவவோடு கோபம் வரவில்லை. அவவின் துக்கமும் துக்கம்தான். நான் மருமகள், வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நின்றேன். பிறகு திறந்தேன்.

"சின்ன மாமி, மாமி தானாக் கேட்டு வாங்கினது இது ஒண்டுதான். மற்றதெல்லாம் நாங்கள் குடுத்தது."

உங்கட மகனைத் தெரியும்தானே, பெட்டி தூக்குகிற முரட்டுக் கை, ஒரு பொத்தான் போடவும் என்னைக் கூப்பிடுகிற கை. அந்தக் கையால் உங்கட தலையை மெல்ல உயர்த்தி, நாடாவைச் சுற்றி, முடிச்சைத் தானே போட்டார். வந்த சனம் எல்லாம் உங்களை அப்படித்தான் கண்டது. எரிக்க முதல் கழற்ற வேணும் என்று மண்டபத்துக்காரர் தன்மையாகச் சொன்னார், பிளாஸ்டிக் மாதிரியான பொருள், உள்ளே போகக்கூடாது. அதையும் ரமணன்தான் கழற்றினார். இப்போது அது அவரின் வேலை ஜக்கெற்றுக்கு உள்ளே கிடக்கிறது. நான் கண்டும் காணாத மாதிரி இருக்கிறேன்.

அந்த மண்டபத்தில் உங்களைப் பார்த்த பெண்களில் ஒருத்தி, மட்டக்களப்புக்காரி, டெப்பனூர் என்கிற சில்லறைக் கடையில் வேலை செய்கிற மேரி அக்கா, ஒரு மாதம் கழித்துக் கராஜ் கதவைத் தட்டினா. வந்து நின்றுகொண்டு, காலநிலை பற்றிக் கனநேரம் கதைத்தா. கடைசியாக, "அவவுக்குச் செய்த மாதிரி எனக்கும் ஒண்டு ஏலுமோ? சிலுவையோட" என்று கேட்டா. அவவின் மனுசன் போய் எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அவவுக்குப் பிறகு இன்னொருத்தி வந்தா, பிறகு அவவின் மச்சாள். ஒருத்திக்கு நிலா, ஒருத்திக்கு வேப்பிலை, ஒருத்திக்கு மனுசன் ஓடிய லொறி. லொறியை எப்படிக் கூர் வளைவுக்குள் வைப்பது என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். வைத்துவிட்டேன். வடிவாக இருக்கிறது, மாமி, பொய் சொல்லவில்லை.

புரட்டாதியில் ஒரு ஊர்ச் சங்கத்தார் தங்கட விழா மண்டபத்தில் கடை போடக் கூப்பிட்டார்கள். பூத்தோடு மட்டும் கொண்டுவாங்கோ, மற்றது அபசகுனம் என்றார்கள். நன்றி சொல்லி, வரவில்லை என்றேன். அதே நாளில் கராஜைத் திறந்து, தேத்தண்ணியும் வடையும் வைத்து, எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். மண்டையோடுகளுக்குப் பக்கத்திலேயே லொறியும் வேப்பிலையும். பக்கத்து வீட்டுக் கெபெக் பெட்டைகள் வவ்வால் வாங்கினார்கள். எங்கட பெண்கள் வெட்கப்பட்டு வந்து, வெட்கம் இல்லாமல் கண்ணாடி கேட்டார்கள்.

சின்ன மாமியும் வந்தா. தேத்தண்ணி குடித்தா. மேசைப் பக்கம் திரும்பவில்லை. போகும்போது, "அக்கா இருந்திருந்தால் இண்டைக்கு நல்லாச் சிரிச்சிருப்பா" என்று மட்டும் சொன்னா. அது குறையா, நிறைவா? நீங்கள்தான் அவவோடு வளர்ந்தவர், உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சுட்டால் இறுகும், உடைந்தால் ஒட்டலாம், கறுப்பு என்றாலும் வெளிச்சத்தைப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன், மாமி. இந்த அறைக் கதவால் வருகிற ஒருத்தியிடமும் புருசன் இருக்கிறாரோ என்று நான் கேட்கமாட்டேன். கழுத்தின் அளவை மட்டும் கேட்பேன்.

உங்கட மருமகள்,
தர்சினி