ஹாரன் இல்லாமல் துர்காபூர்

ஞாயிறு, இரவு.

பேரன்களில் பெரியவன் பேங்க் ஆபீசர், சின்னவன் டாக்டருக்குப் படிக்கிறான். இன்றைக்குப் பேத்தி காயத்ரி இருவரையும் மிஞ்சிவிட்டாள்.

சாயங்காலம் துர்காபூருக்குக் கிளம்பும்போது அவள் காரில் முன்விளக்கு எரியவில்லை. காலையில் அங்கே அவளுக்கு வேலை. மெக்கானிக் கடையோ லீவு. பானெட்டைத் திறந்து, உள்ளே இருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து குட்டிச் சதுரங்கள் இரண்டைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். எதிர்ச்சுவர் பளீரென்றது.

"லைட்டுக்குக் கரண்ட் விடுற ரிலே போச்சு பாட்டி. ஹாரனோடதை லைட்டுக்குக் குடுத்துட்டேன். ரெண்டும் ஒரே சாமான்."

"ஹாரன் இல்லாம இந்த ஊரைத் தாண்டுவியாடீ?"

"நான் உன் பேத்தியாச்சே பாட்டி, தொண்டை இருக்கே!"

சேர்ந்துவிட்டேன் என்று போன் வந்தபிறகுதான் சாப்பிட்டேன். சுவரில் மாட்டியிருக்கும், அவள் பட்டம் வாங்கிய படம் பழசாகிவிட்டது. பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி புது போட்டோ ஒன்று தபாலில் போடு, காயத்ரி.