கையை அழுத்தினால் என் முறை

பிப்ரவரி 4

நான் வேலை செய்யும் சலவைக் கடையில், இஸ்திரி அக்கா காலையில் இஸ்திரிப் பெட்டியைத் தொடும் முன் உதட்டை அசைக்கிறார். சத்தம் வராது. இன்றுதான் கவனித்தேன். மத்தியானம் படுக்கை விரிப்பு மடிக்கும்போது, இரண்டு முனை அவர் கையில், இரண்டு என் கையில், கிட்டே வந்ததும் கேட்டுவிட்டேன். நானாக ஒருவரிடம் பேசி எத்தனை நாளாச்சு!

"ஜெபம்டி. இல்லாட்டி முதலாளி மூஞ்சியை நாள் முழுக்க எப்படிப் பார்க்கிறது?"

பிப்ரவரி 5

அப்பாவுக்கு இரவு வேலை. அவர் உள்ளே வரும்போது நான் வெளியே. "சாப்டியா?" "சாப்டேன்." அம்மா தவறிப்போன பிறகு வீட்டில் பேச்சு அவ்வளவுதான். ஜெபமும் நின்றுவிட்டது. அம்மா ஜெபம் பண்ணுவாள், நானும் அப்பாவும் ஆமென் சொல்வோம். எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 8

அக்கா தன் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். வட்டமாக உட்கார்ந்து, கை கோத்து, கண்ணை மூடினோம். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் கையை அழுத்துவார். இனி அவர் முறை. பேச விருப்பமில்லை என்றால் அடுத்த கையை அழுத்திவிடலாம். இதெல்லாம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

அக்கா என் கையை அழுத்தினார். பாசத்தில் என்று நினைத்தேன். நானும் அவர் கையையே திருப்பி அழுத்தினேன். அவர் மறுபடி. நானும் மறுபடி.

அப்புறம் ஒரே அமைதி. எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் வேர்த்துவிட்டது. "ஆமென்" என்றேன். வேறொன்றும் வரவில்லை. எல்லாரும் "ஆமென்" என்றார்கள்.

ஐயோ. இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.

பிப்ரவரி 9

"உன்னோடதுதான்டி நல்ல ஜெபம். போதகர் முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கால் மரத்துப் போச்சு."

"கேலி பண்ணாதீங்கக்கா. நான் இனி வரல."

"வா, வராம போ. உன் இடத்தை விட்டுத்தான் உட்காருவோம்."

பிப்ரவரி 12

ஒன்று யோசித்தேன். பள்ளியில் படித்தபோது நான் வாய் திறப்பதற்குள் டீச்சர் "அடுத்தவ சொல்லு" என்பார். ஜெபக்கூட்டத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை. ஒருத்தர் இருமக்கூட இல்லை.

பிப்ரவரி 15

போனேன். அக்காவுக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது.

கையை அழுத்தினார். "ஆண்டவரே, எங்க வீட்ல யாரும் பேசறதில்ல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. அப்பாவும் பாவம்…" அதற்குமேல் அழுகைதான். அடுத்த கையை அழுத்த மறந்தே போனேன். அந்தக் கை, அங்கே எல்லாரும் சித்தி என்று கூப்பிடும் பஸ் டிரைவருடையது. அவரும் அவசரப்படவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஆண்டவர் கேட்டாரா? கேட்டார் என்றுதான் தோன்றுகிறது. அந்த அறையில் எல்லாரும் கேட்டார்களே.

பிப்ரவரி 16

காலையில் அப்பா வந்தபோது நான் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"கிளம்பலையா?"

"கையைக் குடுங்கப்பா."

"எதுக்கு?"

கொடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கு. அம்மாவைப் பற்றி இரண்டு வரி ஜெபம் பண்ணிவிட்டு, அவர் கையை அழுத்தினேன். பாசத்தில் என்று நினைத்திருப்பார். திருப்பி என் கையை அழுத்தினார்.

மறுபடி அழுத்தினேன். காத்திருந்தேன்.